கழுத்து ஸ்கேனும் குறுக்குக்கேள்வி சொர்ணமும்

புதுக்கோட்டை கீழராஜ வீதியில் இருக்கிற அந்த ஸ்கேன் சென்டரில் டாக்டரைத் தெரியாதவர்கள் உண்டு, சொர்ணவல்லியைத் தெரியாதவர்கள் கிடையாது. பெயரைச் சொன்னால் பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் பல்லைக் கடிப்பார்கள். "யாரு, அந்தக் குறுக்குக்கேள்வியா?" என்பார்கள். டாக்டர் சொல்லச் சொல்ல ரிப்போர்ட் டைப் அடிக்கிற வேலை அவளுக்கு. வாயை மூடிக்கொண்டு விரலை மட்டும் ஓட்டினால் போதும். அந்த ஒன்றைத்தான் இருபத்தோரு வருஷமாக அவளால் செய்ய முடியவில்லை.

சொந்த ஊர் அன்னவாசல். படிப்பு பிளஸ் டூவோடு நின்றது. ஆனால் தட்டச்சில் ஆங்கிலம் ஹையர், தமிழ் ஹையர் இரண்டிலும் முதல் வகுப்பு. அதை இன்றைக்கும் யாராவது கேட்டால் சொல்லுவாள், கேட்காவிட்டாலும் சொல்லுவாள். கல்யாணமாகி டவுனுக்கு வந்த வருஷம் இந்த வேலைக்குச் சேர்ந்தாள். சேர்ந்த முதல் வாரமே மானம் கப்பலேறியது.

அது ஒரு கழுத்து ஸ்கேன். கழுத்தின் இரண்டு பக்கமும் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகிற பெரிய குழாய்கள் இருக்கின்றன அல்லவா, அவற்றுக்குள் கொழுப்புப் படிந்திருக்கிறதா என்று பார்க்கிற ஸ்கேன். அந்தக் குழாய்க்கு இங்கிலீஷில் கரோடிட் என்று பெயர். டாக்டர் உதயசூரியன் நல்ல மனுஷர்தான், ஆனால் பாதி வார்த்தையை வாய்க்குள்ளேயே மென்று விழுங்குகிறவர். "ரைட் கரோடிட்" என்று அவர் முனகியது இவள் காதில் "ரைட் கேரட்" என்று விழுந்தது. அப்படியே அடித்தாள். டாக்டரும் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். மறுநாள் திருச்சியிலிருந்து ஒரு பெரிய டாக்டர் போன் பண்ணி, "என்ன சார், ஒங்க ஊர்ல கழுத்துல கேரட் வெளையுதாமே?" என்று கேட்டுவிட்டார்.

உதயசூரியன் ஆடித் தீர்த்துவிட்டார். வேறொருத்தியாக இருந்தால் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றிருப்பாள். இவளா? "சார், அது என்ன எழவுன்னு ஒரு தடவ சொல்லிருந்தீங்கன்னா நான் ஏன் கேரட்டுன்னு அடிக்கப் போறேன்? இனிமே எனக்குப் புரியாத எதையும் நான் அடிக்க மாட்டேன். ஒங்களுக்குச் சரின்னா வாரேன், இல்லாட்டி இப்பவே போறேன்" என்றாள். வேலைக்குச் சேர்ந்து ஆறே நாள் ஆன பெண் பேசுகிற பேச்சா அது! டாக்டருக்குக் கோபத்தையும் மீறிச் சிரிப்பு வந்துவிட்டது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்.

விட்டது தப்பு என்று அவர் பிற்பாடு ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு வார்த்தைக்கும் அவளுக்கு அர்த்தம் சொல்ல வேண்டும். இது ஏன் கறுப்பாகத் தெரிகிறது, அது ஏன் வெள்ளையாகத் தெரிகிறது, நேற்று வந்தவருக்கு இப்படி இல்லையே, இவருக்கு மட்டும் ஏன்? வெளியே இருபது பேர் காத்திருப்பார்கள், உள்ளே இவள் கேள்வி கேட்டுக்கொண்டிருப்பாள். அவரும் முணுமுணுத்துக்கொண்டே சொல்லிக் கொடுப்பார். போர்வெல் தண்ணீர் போகிற குழாயில் உப்புப் படிந்து துவாரம் சிறுத்துப்போகிற மாதிரிதான் இதுவும் என்றார். உப்பு மாதிரி கெட்டியாக இறுகிப்போன படிவு திரையில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். அது பழசு, பெரும்பாலும் கிடந்த இடத்திலேயே கிடக்கும். மங்கலாக, கறுப்பாகத் தெரிகிற மெத்தென்ற படிவுதான் பொல்லாதது. அதிலிருந்து ஒரு துணுக்கு பிய்ந்தால் ரத்தத்தோடு நேரே மூளைக்குப் போய் அடைத்துக்கொள்ளும். கை கால் விழுந்துவிடும், பேச்சுப் போய்விடும்.

இன்னொன்றும் சொன்னார். அதைக் கேட்டு அவள் அசந்து போனாள். வலது கழுத்துக் குழாய் மூளையின் வலது பாதிக்குப் போகிறது. ஆனால் மூளையின் வலது பாதி ஆட்டிவைப்பது இடது கையை. ஆக, வலது கழுத்தில் கோளாறு என்றால் மரத்துப் போவது இடது கை. கண் மட்டும் அப்படி இல்லை. வலது கழுத்துக் குழாயில் வினை என்றால் இருட்டிக்கொண்டு வருவது வலது கண்தான். சொர்ணவல்லி இதைச் சின்னப் பிள்ளை வாய்ப்பாடு படிக்கிற மாதிரி, "கண்ணு நேரே, கை குறுக்கே" என்று மனப்பாடம் பண்ணிக்கொண்டாள். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போது புருஷன் நாகராசுவிடமும் சொன்னாள். மின்வாரியத்தில் லைன்மேனாக இருக்கிற அவர், "கனெக்சனையே மாத்திக் குடுத்திருக்கானே கடவுள், எங்க ஆபீசா இருந்தா மெமோ குடுத்திருப்பாங்க" என்றார்.

இப்படியே வருஷங்கள் ஓடின. போன பங்குனியில் ஒரு திங்கட்கிழமை மலையாண்டி வந்து சேர்ந்தார்.

கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரிக் கொல்லை வைத்திருக்கிறவர், அறுபத்து மூன்று வயது. ரோட்டோரத்தில் கொட்டகை போட்டு முந்திரிக்கொட்டை வறுத்து விற்கிறார். கூடவே மனைவி செவந்தி. ஆள் வந்து உட்கார்ந்த விதமே சரியில்லை. தொடையை இறுக்கிக்கொண்டு, முகம் கடுகடுவென்று, கர்ப்பிணிப் பெண்களுக்கு நடுவே நெளிந்துகொண்டிருந்தார்.

"என்னங்க அய்யா, ஒடம்புக்கு முடியலையா?" என்று சொர்ணவல்லி கேட்டாள்.

"அடக்க முடியலம்மா. ரெண்டு பாட்டில் தண்ணி குடிச்சிருக்கேன். காலையிலேருந்து பச்சத்தண்ணியத் தவிர பல்லுல ஒண்ணும் படல. சீக்கிரம் எடுத்து விட்ருங்க."

அவளுக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. ஸ்கேன் என்றாலே வெறும் வயிறு, முட்டமுட்டத் தண்ணீர், முறை வரும் வரைக்கும் அடக்கிக்கொண்டு இருக்க வேண்டும் என்று ஊரெல்லாம் ஒரு சட்டம் எழுதி வைத்திருக்கிறதே! அது வயிற்று ஸ்கேனுக்கு அய்யா. இவருக்கோ கழுத்து ஸ்கேன். "அடப் பாவமே! கழுத்துக்கு யாருங்க தண்ணி குடிக்கச் சொன்னது? மொதல்ல அங்கிட்டுப் போயிட்டு வாங்க" என்று கழிவறையைக் காட்டினாள். மனுஷர் பறந்தார். ஹாலில் இருந்த பெண்களெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர் திரும்பி வருவதற்குள் படிவத்தில் செவந்தி கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாள்.

அவருடைய ஊர்ப் பக்கத்து டாக்டர் கொடுத்தனுப்பிய சீட்டைச் சொர்ணவல்லி வாங்கிப் பார்த்தாள். இரண்டு வாரத்தில் இரண்டு தடவை வலது கை பத்து நிமிஷம் மரத்து விழுந்து, பிறகு தானாகச் சரியாகியிருக்கிறது. ஒரு தடவை வலது கண்ணில் திரை போட்ட மாதிரி இருட்டியிருக்கிறது. கழுத்து ரத்தக்குழாய் ஸ்கேன் எடுத்துக்கொண்டு அன்றைக்கே தஞ்சாவூரில் உள்ள ஆபரேஷன் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தது.

வலது கை. வலது கண். சொர்ணவல்லியின் மூக்கில் அப்போதே ஏதோ வேர்த்தது.

மலையாண்டியைப் படுக்க வைத்தார்கள். கழுத்தில் களிம்பைத் தடவி டாக்டர் கருவியை வைத்தார். திரையில் குழாய் தெரிந்தது. ரத்தம் ஓடுகிற சத்தம் 'உஷ், உஷ்' என்று அறை முழுக்கக் கேட்டது. இடது பக்கம் வந்ததும் அந்தச் சத்தம் கீச்சென்று மாறியது, துவாரம் சிறுத்திருக்கிறது என்று அர்த்தம். அங்கே கெட்டியான வெள்ளைப் படிவு, எழுபது சதவீதம் அடைப்பு. வலது பக்கம் மங்கலான மெத்துப் படிவு, அறுபது சதவீதம். டாக்டர் சொல்லிக்கொண்டே போனார், இவள் அடித்துக்கொண்டே வந்தாள். கடைசியில் முடிவு சொன்னார்: இடது குழாயில் கணிசமான அடைப்பு, வலது கை மரத்துப் போனதற்கு இதுவே காரணம்.

அவள் விரல் நின்றது.

"சார், கை சரி. கண்ணு வலதுன்னு போட்டிருக்கே. இடது கழுத்துன்னா இடது கண்ணுதானே இருட்டணும்?"

"அறுபத்து மூணு வயசும்மா. புரை விழுந்திருக்கும். அடி."

"புரை வந்தா வந்தபடியே இருக்கும் சார். இவருக்கு வந்துட்டுப் போயிருக்கு."

"சொர்ணம்! வெளிய பதினாலு பேரு இருக்காங்க. அடிம்மா தாயே!"

அடித்தாள். அடித்த பிறகு விரல் நுனியெல்லாம் அரித்தது. டாக்டர் கையெழுத்துப் போட்டார், ரிப்போர்ட் உறைக்குள் போனது, உறை செவந்தியின் பைக்குள் போனது. தஞ்சாவூர் டாக்டர் அதைப் பார்ப்பார், இடது பக்கத்தைக் கிழிக்க நாள் குறிப்பார். டாக்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மனசு கேட்டால்தானே!

ஒரு மணி வாக்கில் கையைக் கழுவிக்கொண்டு வரலாம் என்று ஹாலுக்கு வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். காலையிலிருந்து பட்டினி கிடந்த மலையாண்டி, பஸ் ஏறுகிற வரைக்கும் பொறுக்க முடியாமல் ஹாலின் மூலையிலேயே தூக்குச்சட்டியைத் திறந்து வைத்துப் புளிச்சோறு தின்றுகொண்டிருந்தார். நல்ல பசி. ஒவ்வொரு கவளமும் இவ்வளவு பெரிதாக உருட்டிப் போட்டார். உருட்டிய கை இடது கை.

அவளுக்கு உச்சந்தலையில் சுரீர் என்றது. கிட்டே ஓடினாள். "அய்யா, நீங்க சாப்புடுறது இந்தக் கையாலயா?" என்று கேட்டுவிட்டாள். சத்தமாகவே கேட்டுவிட்டாள். நாற்காலிகளில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மலையாண்டியின் முகம் கறுத்தது. வாயில் இருந்ததை விழுங்கினார். "ஏம்மா, ஒன் வீட்டுச் சோத்தையா திங்கிறேன்? எந்தக் கையால தின்னா ஒனக்கென்ன?" என்றார். தூக்குச்சட்டியைப் படாரென்று மூடினார். "எந்திரி செவந்தி. இங்கிட்டு மனுசன் உக்காந்து ஒரு வாய் சோறு திங்க முடியல."

"அய்யா, நான் அதுக்குக் கேக்கல, ஒரு நிமிசம்..." என்று சொர்ணவல்லி பின்னாலேயே போனாள். அவர் காது கொடுத்தால்தானே. கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று படியிறங்கி, போன ஷேர் ஆட்டோவை நிறுத்தி, மனைவியையும் இழுத்துக்கொண்டு ஏறிவிட்டார். அந்தப் பையில்தான் ரிப்போர்ட் போகிறது. அதில் வலது கை என்று இருக்கிறது. அதைத் தன் கையாலேயே அடித்தவள் அவள்.

உள்ளே போய் டாக்டரிடம் சொல்லலாம். சொல்லி, அவர் கோபப்பட்டு, விளக்கி, நம்பவைத்து முடிப்பதற்குள் தஞ்சாவூர் பஸ் கந்தர்வக்கோட்டையைத் தாண்டியிருக்கும். போன் பண்ணலாம் என்றால் படிவத்தில் நம்பர் எழுத வேண்டிய இடத்தில் செவந்தி தன் பெயரை எழுதி வைத்திருந்தாள். சொர்ணவல்லி யோசிக்கவில்லை. ஏசி அறை வாசலில் கழற்றிவிட்ட செருப்பை எடுக்கக்கூடத் திரும்பாமல் தெருவில் இறங்கி ஓடினாள்.

பங்குனி மாசத்து மத்தியான வெயில், தார் ரோடு, வெறும் கால். நாற்பத்தைந்து வயசுப் பொம்பளை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடுகிறாள். பழக்கடைக்காரர், "என்ன சொர்ணக்கா, வீட்டுல ஏதாச்சுமா?" என்று கத்தினார். பதில் சொல்ல மூச்சில்லை. பாதி வழியில் ஒரு ஆட்டோ கிடைத்தது. "புது பஸ் ஸ்டாண்டு! தஞ்சாவூரு வண்டி நிக்கிற எடம்! ஓட்டுப்பா சாமி!" என்றாள்.

அவள் போய்ச் சேர்ந்தபோது தஞ்சாவூர் பஸ் புறப்பட்டு நகர்ந்துகொண்டிருந்தது. முன்னால் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றுவிட்டாள். டிரைவர் பிரேக்கை மிதித்துவிட்டு எட்டிப் பார்த்து, சொல்லத் தகாத இரண்டு வார்த்தை சொன்னார். கண்டக்டர் இறங்கி வந்தார். "ஏறுறதுன்னா ஏறுங்க, இல்ல நகருங்க. டைம் ஆச்சும்மா!"

"ஒரு உசுரு விசயம் அண்ணே. ரெண்டே நிமிசம்" என்று ஏறினாள்.

நடுவில் மூன்று பேர் சீட்டில் ஜன்னலோரம் மலையாண்டி. இவளைப் பார்த்ததும், "தே, இங்கயும் வந்துட்டாளா!" என்று முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அய்யா, ஒங்க கைய நான் கேலி பண்ணலை. எங்கம்மா மேல சத்தியம். அந்தக் கைய காப்பாத்தத்தான் ஓடியாந்தேன். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அன்னிக்கி மரத்துப் போச்சுன்னீங்களே, எந்தக் கை?"

"அதான் டாக்டர்கிட்டயே சொன்னனே. சோத்தாங்கை."

இந்த ஜில்லாவில் சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும், சோத்தாங்கை என்றால் வலது கை, பீச்சாங்கை என்றால் இடது கை. சீட்டு எழுதிய டாக்டரும் அப்படித்தான் எழுதினார். அவர் மேல் என்ன தப்பு?

"வாயால வேணாம் அய்யா. அந்தக் கைய தூக்கிக் காட்டுங்க."

மலையாண்டி அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு இடது கையைத் தூக்கினார். விரல்களில் புளிச்சோற்றுப் பருக்கை இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இதுதான்!" என்றார், பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி. "இதுதான் எஞ் சோத்தாங்கை! பள்ளிக்கூடத்துல வாத்தியாரு ஸ்கேலால அடிச்சாரு. எங்கப்பாரு சாக்குக் கயித்தால கட்டிப் போட்டாரு. கல்யாணத்தன்னிக்கிப் பந்தியில நான் இதால சோறு பெசையிறதப் பாத்துட்டு எம் மாமனாரு எலைய விட்டு எந்திரிச்சுப் போனாரு. அன்னிக்கே முடிவு பண்ணுனேன். எதால நான் சோறு திங்கிறனோ அதுதான் எனக்குச் சோத்தாங்கை. எவன் என்ன பேரு வேணா வச்சிக்கிட்டும்!"

"ஆமாங்க" என்றாள் செவந்தி மெதுவாக. "எங்க வீட்டுல அவுக கைய அப்படித்தான் சொல்றது. அன்னிக்கி முந்திரி வறுக்கையில கரண்டி நழுவி விழுந்தது இந்தக் கையிலேருந்துதான். டாக்டருகிட்ட கண்ணத் தொட்டுக் காட்டுனாக, கைய வாயால சொன்னாக."

சொர்ணவல்லிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அழுகையா, மூச்சிரைப்பா, சந்தோஷமா என்று அவளுக்கே தெரியாது. இடது கை. வலது கண். கண்ணு நேரே, கை குறுக்கே. இரண்டும் வலது கழுத்தைத்தான் காட்டுகின்றன. புரையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை!

"அய்யா, எந்திரிங்க. ரிப்போர்ட்டுல கை மாறிப் போச்சு. இதோட போனீங்கன்னா அங்க கழுத்துல பக்கம் மாத்தி அறுத்துப்புடுவாங்க."

அதற்கப்புறம் அவள் ஒன்றும் பேச வேண்டியிருக்கவில்லை. பஸ்ஸே பேசியது. "எறங்குங்க பெரியவரே, அந்தம்மா வெறுங்காலோட ஓடியாந்திருக்கு பாருங்க" என்று பின்சீட்டில் இருந்து ஒருவர் கத்தினார். பைகளை இரண்டு பேர் இறக்கிக் கொடுத்தார்கள். சற்று முன்னால் நேரமாச்சு என்று குதித்த அதே கண்டக்டர், "பாத்துப் போங்க அய்யா" என்று கையைப் பிடித்து இறக்கிவிட்டார்.

ஸ்கேன் சென்டரில் உதயசூரியன் கொதித்துக்கொண்டிருந்தார். இரண்டு ரிப்போர்ட்டை அவரே ஒற்றை விரலால் தட்டியிருந்தார். "எங்க போன நீ? கேக்க ஆள் இல்லேன்னு நெனப்பா? நீ டாக்டரா, நான் டாக்டரா?"

"நீங்கதான் சார் டாக்டர். அதான் ஒங்ககிட்டயே திருப்பிக் கூட்டியாந்திருக்கேன்" என்றாள் சொர்ணவல்லி. "அய்யா, சாருக்கு அந்தக் கைய காட்டுங்க."

மலையாண்டியின் இடது கை உயர்ந்தது. டாக்டர் அந்தக் கையைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், மறுபடி கையைப் பார்த்தார். "படுங்கய்யா" என்று மட்டும் சொன்னார்.

இந்தத் தடவை வலது கழுத்தில் கருவியை வைத்து அவசரமே படாமல் பார்த்தார். நேராக வைத்தார், சாய்த்து வைத்தார், படத்தைப் பெரிதாக்கினார். மங்கலான அந்த மெத்துப் படிவின் மேல் ஓரத்தில் எலி கொறித்த மாதிரி ஒரு சின்னப் பள்ளம். பள்ளத்தின் விளிம்பில் நூல் போல ஒரு துணுக்கு. நெஞ்சு துடிக்கிற ஒவ்வொரு துடிப்புக்கும் அது ஆடியது. சொர்ணவல்லி இருபத்தோரு வருஷத்தில் எத்தனையோ கழுத்தைப் பார்த்திருக்கிறாள், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

"காலையில இத நான் சரியாப் பாக்கல" என்றார் டாக்டர். இதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும். "இடது பக்கம்தான் காரணம்னு சீட்டு சொல்லிருச்சு. நானும் அங்கயே கண்ண வச்சிட்டேன். அடைப்பு எவ்வளவுங்கிறது மட்டும் கணக்கில்ல சொர்ணம், எந்தப் பக்கம் வேலையக் காட்டிருக்குங்கிறதுதான் கணக்கு. அங்கிட்டு இருக்கது பழைய படிவு, மாத்திரையில வச்சிக்கலாம். இதுதான் ஆளத் தூக்குறது."

"என்னங்க சார், பெரிய வியாதியா?" என்றார் மலையாண்டி படுத்தபடியே.

"பெரிய வியாதிதான் அய்யா. ஆனா நேரத்துல புடிச்சாச்சு" என்று டாக்டர் அவர் தோளைத் தட்டினார். பிறகு சொர்ணவல்லியைப் பார்த்து, "அடிம்மா" என்றார். காலையில் சொன்ன அடிம்மா வேறு, இது வேறு.

புது ரிப்போர்ட் தயாரானது. டாக்டரே தஞ்சாவூருக்குப் போன் போட்டுப் பேசினார், தன்னுடைய காரிலேயே அவர்களை அனுப்பி வைத்தார். மூன்றாம் நாள் வலது கழுத்தைத் திறந்து ஆபரேஷன் நடந்தது. அன்று சாயங்காலம் அந்த ஆபரேஷன் டாக்டர் கூப்பிட்டபோது, எல்லோரும் கேட்கட்டும் என்று உதயசூரியன் ஸ்பீக்கரில் போட்டார்.

"உள்ள தயிர் மாதிரி இருந்துச்சு சார். தொட்டா கலையுற மாதிரி. இத விட்டுட்டு நான் இடது பக்கத்தத் தொறந்திருந்தேன்னா, அந்த மனுசன் நல்ல கையோட வீட்டுக்குப் போயிருக்க மாட்டாரு. முழிச்சதும் ரெண்டு கையாலயும் எங் கைய இறுக்கிப் புடிக்கச் சொன்னேன், நல்லாப் புடிக்கிறாரு, பேசுறாரு. பசிக்குதுன்னு கேட்டாரு. எப்படிங்க சார் கண்டுபிடிச்சீங்க?"

"நான் கண்டுபிடிக்கல" என்றார் உதயசூரியன். வாய்க்குள் முனகாமல், ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகச் சொன்னார். "எங்க டைப்பிஸ்ட். பேரு சொர்ணவல்லி."

ஹாலில் கை தட்டினார்கள். தட்டியவர்களில் பாதிப் பேருக்கு என்ன நடந்தது என்றே தெரியாது, இருந்தாலும் தட்டினார்கள். சொர்ணவல்லி மானிட்டரைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டாள். அன்றைக்கு வீட்டுக்குப் போய் நாகராசுவிடம் ஒன்று விடாமல் சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, கொப்பளம் போட்டிருந்த அவள் உள்ளங்காலை இழுத்து மடியில் வைத்துத் தேங்காய் எண்ணெய் தடவினார். "ஒன் வாயி என்னை இருபத்தோரு வருசமாப் படுத்துன பாடு கொஞ்சநஞ்சமில்ல. இப்ப ஒரு ஆளக் காப்பாத்திருச்சு. இனிமே நான் ஒண்ணும் சொல்ல முடியாது போ" என்றார்.

ஆடியில் புதுக்கோட்டையில் டாக்டர்கள் கூட்டம் ஒன்று நடந்தது. தஞ்சாவூர் ஆபரேஷன் டாக்டர் பேச வந்திருந்தார். மலையாண்டியின் ஸ்கேன் படத்தைப் பெரிய திரையில் போட்டுக் காட்டி, மருத்துவத்தை விளக்கி முடித்தவர், "மீதிய நான் சொல்லக் கூடாது. சொல்ல வேண்டியவங்க பின்னாடி உக்காந்திருக்காங்க" என்று மைக்கை விட்டு நகர்ந்துவிட்டார். கடைசி வரிசையில் உதயசூரியனுக்குப் பக்கத்தில் இருந்த சொர்ணவல்லி எழுந்திருக்கவில்லை. "சார், எனக்கு இங்கிலீஷ்ல பேச வராது" என்றாள். "கேள்வி கேக்க வருமில்ல, அது போதும், போ" என்று அவர் எழுப்பிவிட்டார்.

மேடையில் ஏறினாள். எதிரே எழுபது, எண்பது டாக்டர்கள். எல்லோரும் படித்தவர்கள், கோட்டுப் போட்டவர்கள், பட்டுப்புடவை கட்டியவர்கள். மைக் அவள் உயரத்துக்கு இல்லை. எட்டிப் பிடித்துக்கொண்டு, "வணக்கமுங்க. நான் டைப் அடிக்கிறவ. ஒண்ணும் பேசப் போறதில்ல. எல்லாரும் ஒரே ஒரு தடவ ஒங்க சோத்தாங்கையத் தூக்குங்க" என்றாள்.

சிரித்துக்கொண்டே தூக்கினார்கள். ஹால் முழுக்க வலது கைகள். மூன்றாவது வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு சின்ன வயசு லேடி டாக்டர் மட்டும் யோசிக்காமல் இடது கையைத் தூக்கியிருந்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், ஒருவர் களுக்கென்று சிரித்தார். அந்தப் பெண்ணுக்கு முகம் சிவந்துவிட்டது. கையை மெல்ல இறக்கப் போனாள்.

"எறக்காதீங்க டாக்டர்!" என்றாள் சொர்ணவல்லி. "தூக்குனது தூக்குனபடியே இருக்கட்டும். எல்லாரும் நல்லாப் பாக்கட்டும்."

சிரித்தவர் நிறுத்திவிட்டார். அந்தப் பெண் கையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள், எல்லோரும் திரும்பி அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.